மொட்டை மாடியில் இருபது பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மொட்டை மாடி சுமார் 600 சதுர அடி. மே மாத விடுமுறைக்கு நெய்வேலியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாத்தனார், கொழுந்தனார் குடும்பங்கள் வரும். பிள்ளைகளோடு சேர்த்து இருபது பேர். போன வருடம் மாடியில் ராத்திரி சாப்பாடு வைத்தோம். துணிப் பந்தல் கட்டி, சுற்றிலும் மெழுகுவத்தி ஏற்றி ஆசையாகச் செய்தேன். ஏழு மணிக்கும் தரை காலைச் சுட்டது. மெழுகுவத்தி ஒன்றுகூட நின்று எரியவில்லை. பந்தல் துணி மூலையில் கிழிந்தது. எட்டு மணிக்கு மேல் கொசு. எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். இந்த வருடம் ஒரு ஏர் கூலரும், மாடி முழுக்கச் செயற்கைப் புல்விரிப்பும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் வாங்க வேண்டாம். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. வேலூர் மாதிரி காற்று காய்ந்து கிடக்கும் ஊரில் அது நன்றாக வேலை செய்யும். கடலூரில் மாலையில் வீசுவது கடல் காற்று. அதில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கூலர் தண்ணீர் சரியாக ஆவியாகாது, உடம்பில் பிசுபிசுப்புத்தான் கூடும். செயற்கைப் புல் அதைவிட மோசம். அது பிளாஸ்டிக். மே வெயிலில் வெறும் சிமெண்ட் தரையைவிட அதிகமாகச் சுடும். மழை பெய்தால் அடியில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும்.

போன வருடம் நீங்கள் பட்ட பாட்டுக்குக் காரணம் அலங்காரத்தில் குறை இருந்தது அல்ல. தளத்தின் சூடு, காற்று, வெளிச்சம் இந்த மூன்றையும் கவனிப்பதற்கு முன்பே அலங்காரத்தில் இறங்கிவிட்டீர்கள். சூட்டிலிருந்து தொடங்குவோம்.

காங்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக வெளியே விடும். ஒன்பது, பத்து மணிவரைகூட அது போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சூடு போகவேண்டிய இடம் திறந்த வானம். தலைக்கு மேல் துணி கட்டினால் அதைத் தடுத்து, உட்கார்ந்திருப்பவர்கள் மேலேயே திருப்பி விடுகிறோம். மே மாதம் உங்கள் ஊரில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு மறைந்துவிடும். அதற்குப் பிறகு நடக்கும் விருந்துக்குப் பந்தல் எதற்கு? மேலும், பந்தல் துணி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று 15க்கு 15 அடித் துணியில் நேராக மோதினால் எண்பது, தொண்ணூறு கிலோ இழுக்கும். மூலை கிழிந்ததோடு போனது நல்லது. மெல்லிய கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தால் சுவர்ச் செங்கல் பெயர்ந்திருக்கும்.

நிழல் வேண்டியது பகலில். 75 சதவீதப் பச்சை நிழல்வலை வாங்கி, விருந்துக்கு மூன்று நாள் முன்பிருந்து, நீங்கள் உட்காரப்போகும் பகுதிக்கு மேல் மட்டும் கட்டுங்கள். தரையில் விரித்தால் வலையே சூடேறித் தரைக்குக் கொடுக்கும். குறைந்தது மூன்றடி உயரத்தில், அடியில் காற்று ஓடும்படி இருக்க வேண்டும். 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் சவுக்குக் குச்சியை நட்டு, ஜல்லிக் கலவை போட்டு இறுக்கினால் அதுவே கால். தரையில் மட்டும் துளை போடாதீர்கள். தட்டோட்டின் பூச்சு ஒருமுறை உடைந்தால் ஐப்பசி, கார்த்திகையில் கீழ் அறை ஒழுகும். இன்னொன்று: ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு உச்சிச் சூரியன் கடலூருக்குத் தெற்கே இருப்பதில்லை, வடக்கே சாய்ந்துவிடும். மாலை வெயிலும் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளித்தான் வரும். எனவே பக்கவாட்டில் தொங்கவிடும் வலை வடமேற்கு மூலைக்கு. விருந்தன்று நாலு மணிக்கு எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டி விடுங்கள்.

அவிழ்த்ததும் தண்ணீர் தெளியுங்கள். 600 சதுர அடித் தரையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 55 லிட்டர் வேண்டும், அதாவது நாலு குடம். நாலு மணிக்கு நாலு குடம், ஐந்து மணிக்கு நாலு குடம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் தெளித்தால் தரை காயாது, பாய் நனையும். உச்சி வெயிலில் தெளிப்பதும் வீண், மூன்று மணிக்குள் பழைய சூடு திரும்பிவிடும். ஒரு வாரம் முன்பே தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊறவைத்து வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, தரையை நனைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சாக அடித்தால் உரிந்து சேலையெல்லாம் வெள்ளையாகும். கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி காற்று. கடல் காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது மூன்று, நாலு மணிவரை தாமதமாகும். உங்கள் மாடியின் கிழக்கு, தெற்குப் பக்கங்களில் உயரமான எதையும் வைக்காதீர்கள். பூந்தொட்டிகள், சாப்பாட்டு மேசை, படுதா எல்லாம் மேற்கே, வடக்கே போகட்டும். சாப்பாட்டு மேசைக்குச் சரியான இடம் படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டிய மறைவு. அங்கே வாழை இலை பறக்காது, கீழிருந்து பாத்திரம் தூக்கி வருபவருக்கும் நடை குறையும்.

தொட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டு மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் போடப்படுகின்றன. 18 அங்குல சிமெண்ட் தொட்டி ஈர மண்ணோடு எண்பது கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் கும்பலாக வைக்காமல் கீழே சுவர் வரும் ஓரத்தில் வரிசையாக வையுங்கள். உப்புக் காற்றைத் தாங்குபவை காகிதப்பூ, நந்தியாவட்டை, இட்லிப்பூ. அரளியும் தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, பால் எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் வரும் வீட்டில் அதை எடுத்துவிடுங்கள், உருளியில் மிதக்கவிடும் பூவிலும் அது வேண்டாம். குண்டுமல்லி பூத்துக் குலுங்கும் காலம் இது. இரண்டு தொட்டி மல்லியைக் காற்று வரும் பக்கம், உட்காருபவர் தோள் உயரத்துக்கு மேல் போகாமல் வைத்தால் போதும். ஏழு மணிக்கு மொட்டு விரியும்போது வாசனை கூட்டத்தின் ஊடாகவே போகும். விலை கொடுத்து வாங்கும் எந்த அலங்காரத்தையும்விட எனக்கு இது பிடிக்கும்.

எட்டு மணிக்கு மேல் கொசு வந்ததற்குக் காரணம் கடல் காற்று இறங்கியதுதான். கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு. காற்று ஓடும் இடத்தில் அதனால் உட்கார முடியாது. இரண்டு பெடஸ்டல் ஃபேன் எடுத்து, தண்டைக் கடைசிவரை இறக்கி, பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் கால்மட்டத்தில் எதிரெதிராக வையுங்கள். கடிப்பது பெரும்பாலும் காலில்தான். தொட்டிகளின் அடித்தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்க்க வேண்டும். ஒரு வாரம் தேங்கினாலே டெங்குக் கொசு பெருகிவிடும்.

விளக்குக்கு மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. சீரியல், 2700 முதல் 3000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும். வெள்ளை, நீல வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகமாக வரும். படிக்கட்டு அறைச் சுவரிலிருந்து எதிர்மூலைச் சவுக்குக் குச்சிக்கு முதலில் ஒரு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, இரண்டு அடிக்கு ஒரு முடிச்சாகச் சீரியலை அதில் சேர்த்துக் கட்டுங்கள். மின்கம்பியையே இழுத்துக் கட்டினால் காற்றாட்டத்தில் இணைப்பு விட்டுப்போகும். உயரம் எட்டடி. சாப்பாட்டு மேசைக்கு மேல் மட்டும் தனியாக 9 வாட் பல்பு ஒன்று, இல்லையென்றால் மீன் முள் தெரியாது. மாடியின் தூர மூலையில் ஒரே ஒரு வெள்ளை பல்பைப் போட்டுவிட்டால் பூச்சிகள் அங்கே போய்விடும். ஆணி, கொக்கி எல்லாம் எவர்சில்வரில் வாங்குங்கள். இரும்பு உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருவேறிச் சுவரில் கறை இறக்கும்.

ஈரத் தரை, வெறுங்கால், மின்சாரம் மூன்றும் ஓரிடத்தில் சேர்வதால் இதை விட்டுவிடாதீர்கள்: மாடிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திச் சரிபாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. நாற்காலி போட்டு அதன் மேல் வையுங்கள்.

தீபம் வேண்டும் என்ற உங்கள் ஆசையை விடவேண்டாம். அகன்ற கண்ணாடி ஜாடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, சுடரைவிட விளிம்பு மூன்று அங்குலம் உயரமாக இருக்கும்படி மெழுகுவத்தியை ஊன்றினால் நின்று எரியும். பண்ருட்டிப் பக்கமோ வில்லியனூரிலோ சுடுமண் வேலை செய்பவர்களிடம் துளையிட்ட விளக்குக் கூண்டு செய்து தரச் சொல்லலாம். அதற்குள் அகல் வைத்தால் தரையில் விழும் புள்ளி வெளிச்சம் அழகு. கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள்.

விரிப்புக்குக் கோரைப்பாய். ஆறுக்கு நாலடிப் பாயில் சாப்பிடும்போது மூன்று பேர் வசதியாக உட்காரலாம். நாலு பாய், பெரியவர்களுக்கு எட்டு நாற்காலி. பாய்க்கு அடியில் தார்ப்பாய் போடாதீர்கள், வேர்த்து நனைந்துவிடும். சூடு இன்னும் உறைத்தால் பாய்க்கு மேல் ஜமுக்காளம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம்தான். இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் நீர்மோர் என்றால் இரண்டு லிட்டர் தயிர், ஆறு லிட்டர் தண்ணீர். பானகத்துக்கு லிட்டருக்கு 100 கிராம் வெல்லம். தேங்காய்ச் சட்னி இந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் தாண்டாது, சின்னக் கிண்ணங்களாக மேலே அனுப்புங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியைப் பாத்திரத்துக்கு வெளியே குளிர்ச்சிக்கு அடுக்கி வைக்கலாம், குடிக்கும் எதிலும் போடக் கூடாது. பலாப்பழத்தைக் கீழேயே எண்ணெய் தடவி அரிந்து, மூடி எடுத்து வாருங்கள். பானைத் தண்ணீரை முந்தின இரவே நிரப்பி, ஈரமணல் மேல் காற்றுப் படும் நிழலில் வையுங்கள். கடலோரத்தில் பானை மெதுவாகத்தான் குளிரும், மாலையில் நிரப்பினால் விருந்துக்குள் குளிராது.

மே மாதத்தில் கோடை மழை மேற்கிலிருந்து வரும். முதலில் புழுதிக் காற்று, பிறகுதான் தூறல். மேற்கே மின்னத் தொடங்கியதும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அடுத்து பிள்ளைகளைக் கீழே இறக்குங்கள், அதற்குப் பிறகு பாய். அன்று காலையிலேயே மழைநீர் இறங்கும் ஓட்டைகளில் சருகு, சுண்ணாம்புக் கட்டி அடைத்திருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சாப்பிட்ட இலை ஒன்று போய் அடைத்தாலும் மாடியில் நிற்கும் தண்ணீர் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கும். இலை போட ஒரு பெரிய கூடையை ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் வைத்துவிடுங்கள்.