பக்கத்து டின்

கேள்வி: ஒரு நிறுவனம் அரசியல் பேசிவிட்டால் உடனே 'இனி வாங்காதே' என்று கொடி பிடிக்கிறார்கள், இரண்டு வாரத்தில் மறந்தும் போகிறார்கள். இதனால் எந்த நிறுவனத்துக்காவது நிஜமாக அடி விழுந்திருக்கிறதா? வியாபாரிக்கு எதற்கு அரசியல்?

பதில்: விழுந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் டிலன் மல்வேனி என்ற திருநங்கை, பட் லைட் பீரை விளம்பரப்படுத்தி இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டார். அமெரிக்கப் பழமைவாதிகள் கொதித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு விற்பனையில் முதலிடத்தில் இருந்த பீரை அடுத்த மாதமே மொடெலோ என்ற போட்டி பீர் முந்தியது. இரண்டாம் காலாண்டில் தாய் நிறுவனமான ஏபி இன்பெவ்வின் அமெரிக்க வருவாய் 10.5 சதவீதம் சரிந்தது.

கோபம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அதே குளிர்பெட்டியில், கிட்டத்தட்ட அதே விலைக்கு, அதே ருசியில் கூர்ஸ் லைட்டும் மில்லர் லைட்டும் இருந்தன. கையை அரை அடி நகர்த்தினால் போதும். தவிர, பீர் நாலு பேர் நடுவில் குடிப்பது. கையில் எந்த டின் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். சமையலறைக்குள் போய்விடும் பொருளுக்கு இந்தக் கண்காணிப்பு இல்லை. 2020 ஜூலையில் கோயா உணவு நிறுவனத்தின் தலைவர் டிரம்ப்பைப் புகழ்ந்தபோதும் புறக்கணிப்பு கிளம்பியது. எதிரணி போட்டி போட்டு வாங்கியதில் விற்பனை ஏறத்தான் செய்தது. மூன்றே வாரத்தில் அந்த ஏற்றமும் வடிந்து பழைய நிலைக்கு வந்தது.

பட் லைட்டைப் படுக்கவைத்ததில் நிறுவனத்தின் பயத்துக்கும் பங்கு உண்டு. மன்னிப்பும் கேட்காமல், மல்வேனிக்குத் துணையாகவும் நிற்காமல், வழவழவென்று ஓர் அறிக்கை விட்டார்கள். போன வாடிக்கையாளர் திரும்பவில்லை. தன்பால் ஈர்ப்பாளர்களின் மதுக்கூடங்கள் சிலவும் அந்த பீரை நிறுத்தின. பேசியதைவிட, பேசிவிட்டுப் பின்வாங்கியதற்குத்தான் விலை அதிகம்.

அடி யார் மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் மெக்டொனால்ட்ஸின் இஸ்ரேல் உரிமதாரர் ராணுவத்தினருக்கு இலவச உணவு கொடுத்தார். புறக்கணிப்போ மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் கடை நடத்திய உள்ளூர் உரிமதாரர்களைத் தாக்கியது. கடை, ஊழியர், சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாய் நிறுவனம் விற்பனையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் வலி மேலே எட்டியது: 2024 ஏப்ரலில் அந்த இஸ்ரேல் உரிமதாரரின் 225 கடைகளையும் தாய் நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

ஆகவே புறக்கணிக்க இறங்குகிறவர்கள் முதலில் லேபிளைத் திருப்பி உரிமையாளர் பெயரைப் படிக்கட்டும். பட் லைட்டை விட்டுவிட்டு ஏபி இன்பெவ்வின் இன்னொரு பீரான மிக்கெலோப் அல்ட்ரா வாங்கினால் காசு அதே கல்லாவுக்குத்தான் போகிறது. தேசிய கீதத்தின்போது மண்டியிட்டு இனவெறியை எதிர்த்த அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கை விளம்பரத்தில் போட்டதற்காக, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய நைக்கி ஷூவை 2018-இல் கொளுத்தினார்களே, அதில் நைக்கிக்கு ஒரு சென்ட்கூட நஷ்டமில்லை. கோரிக்கை ஒன்றே ஒன்றாக, 'இதைச் செய்தால் மறுபடி வாங்குவோம்' என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அது இல்லாத புறக்கணிப்புதான் நீங்கள் சொல்லும் இரண்டு வாரத்தில் கரைகிறது.

வியாபாரிக்கு எதற்கு அரசியல் என்கிறீர்கள். விளம்பரத்தில் வாயே திறக்காத நிறுவனங்களும் தேர்தல் நிதி கொடுக்கின்றன. அமெரிக்காவில் நிறுவனங்களின் அரசியல் நிதிக் குழுக்கள் எந்த வேட்பாளருக்கு எவ்வளவு கொடுத்தன என்பது கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. வீடியோவுக்குக் கொதிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?