காதுக்கு முன்னால் நோகிறதா? பெண்களின் தாடை மூட்டு நோ: கேள்வி பதில்

கல்முனைப் பக்கம் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். தாடை மூட்டு நோ பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. எனக்கு அது ஆச்சரியமில்லை.

காத்தான்குடி, 27 வயது: காதுக்கு முன்னால நோகுது. மாதத்தில் நாலைந்து நாள் கூடி, அப்புறம் குறையுது. பல்லில் ஒன்றுமில்லையாம். எல்லாம் மனசுதான் என்று வீட்டில் சொல்றாங்க.

மனசு மட்டும் இல்லை தங்கச்சி. இரண்டு சின்ன விரலையும் காதுக்கு முன்னால் வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் முன்னுக்கு நகர்வது விரலில் தெரியும். அதுதான் தாடை மூட்டு. அதிலும், மெல்லும் தசையிலும் வரும் நோதான் இது. முகத்தின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனை உணரும் இடங்கள் இருப்பதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். 2003இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே தாடை நோ இருந்த பெண்கள் நாளாந்தம் நோவைக் குறித்து வந்தார்கள். மாதவிடாய்க்குச் சற்று முன்னும் அது தொடங்கும் நாட்களிலும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நேரத்தில்தான், நோ கூடியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்காதவர்களுக்கு மாதத்தின் நடுவிலும் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது.

நீங்களும் கலண்டரில் குறியுங்கள். மாதவிடாய் தொடங்கும் நாளை வட்டமிட்டு, ஒவ்வொரு இரவும் நோவுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். மூன்று மாதம் போதும். அந்தத் தாளை டொக்டரிடம் காட்டுங்கள், வீட்டிலும் காட்டுங்கள். நோ கூடும் நாட்களில் கச்சான், மாட்டிறைச்சி, சூயிங்கம் வேண்டாம். சொதி விட்ட இடியப்பம், கஞ்சி நல்லது. கன்னத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள். உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எக்ஸ்ரேயில் பழுது தெரியாத பல்லைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். இரண்டு நல்ல பல்லை வேறெங்கோ பிடுங்கிவிட்டு, அதே நோவோடு என்னிடம் வந்த ஓர் அம்மாவை நான் மறக்கவில்லை.

அக்கரைப்பற்று, ஆண்: எனக்கும்தான் நோகுது. இது பொம்பளைகளின் வருத்தமா?

இல்லை தம்பி. 2006இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒப்பேரா என்ற பெரிய ஆய்வில், முதன்முதலாக நோ வருவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. நாட்பட்டு நிலைத்துவிடுவதுதான் பெண்களிடம் மிக அதிகம். அதனால்தான் பல் கிளினிக்கில் பெண்களையே கூடுதலாகக் காண்கிறோம். நீங்களும் காட்டுங்கள்.

களுவாஞ்சிகுடி, ஏழு மாதக் கர்ப்பிணி: நாலு மாதமாக நோவே இல்லை. சுகமாகிவிட்டதா?

சந்தோஷம் மகள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தே இருக்கும், பலருக்குத் தாடை நோ மாதம் போகப் போகக் குறையும். பிள்ளை பிறந்தபின் திரும்பக்கூடும். இதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஹோர்மோன் கூடினால் நோ கூடும் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. அதன் ஏற்ற இறக்கம்தான் பலரைப் படுத்துகிறது. பிள்ளை பிறந்தபின் நித்திரை கெடும், அதுவும் நோவைக் கூட்டும். இரவில் ஒருமுறையாவது அம்மாவோ மாமியோ பிள்ளையைப் பார்க்கட்டும். இப்போது நோ வந்தால் புரூபன் என்ற நோக் குளிசை எடுக்காதீர்கள், இந்த மாதங்களில் அது பிள்ளைக்குக் கூடாது. பனடோலை கிளினிக்கில் சொல்லும் அளவில் எடுக்கலாம்.

சம்மாந்துறை: குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாத ஊசி போடுகிறேன். தாடை நோ அதனாலா? நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். 1997இல் சியாட்டிலில் வந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுத்தவர்கள் தாடை நோவுக்குச் சிகிச்சைக்கு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசைக்கு அந்த அளவு தொடர்பு இல்லை, பின்னால் வந்த முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. உங்கள் ஊசியில் ஈஸ்ட்ரோஜனே கிடையாது. நோ கூடியது ஊசிக்குப் பிறகுதான் என்று உறுதியாகத் தோன்றினால், மிட்வைஃபிடம் சொல்லி வேறு முறை கேளுங்கள். இடையில் விட்டுவிட்டு நினையாத கர்ப்பத்தோடு நிற்க வேண்டாம்.

ஆரையம்பதி, 54 வயது: மாதவிடாய் நின்று நாலு வருஷம். இப்போதுதான் வாய் திறக்க முடியவில்லை. காரம் பட்டால் எரியுது. வெற்றிலை போடுவேன்.

அக்கா, உங்களுக்குத்தான் நான் அவசரமாக எழுதுகிறேன். இந்த மூட்டு நோ 20க்கும் 45க்கும் இடையில்தான் அதிகம், மாதவிடாய் நின்றபின் பொதுவாகக் குறையும். உங்களுடையது வேறாக இருக்கலாம். பாக்கு வாயின் உட்தோலை நாராக இறுக்கிவிடும். முதலில் எரியும், பிறகு வாய் சுருங்கும், சிலருக்குப் புற்றுநோயாக மாறும். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். போகாவிட்டால் இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போங்கள். வெற்றிலைத் தட்டத்தை இன்றே எடுத்து வையுங்கள்.

50 தாண்டியவர்களுக்கு இன்னொன்று. மெல்லும்போது தாடை களைத்து நோவதோடு நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலையிடி, பார்வை மங்கல் வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். தாடை நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் எந்த வயதென்றாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு. பெண்களுக்கு மாரடைப்பு அப்படியும் வரும்.

ஏறாவூர்: கொட்டாவி விட்டால் 'டிக்' என்று சத்தம், நோ இல்லை.

நோவும் இல்லை, வாய் பூட்டிக்கொள்வதும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மருந்து தேவையில்லை.