பெரிய பானக் கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்தால் சோடா விலை குறையத்தானே வேண்டும்? அரசுகள் ஏன் தடுக்கின்றன?

மாங்குளம் சந்திக்குக் கிட்ட அப்பாவின் கடை. பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் சனம் இறங்கி வந்து கேட்பது இரண்டே சாமான்: பிளேன்ரீ, குளிர்ச் சோடா. சோடாவுக்காக ஒரு கம்பனி இலவசமாகவே பிரிட்ஜ் தந்திருந்தது. ஒருநாள் அப்பா அதன் கீழ்த்தட்டில், ஊரில் பெண்கள் செய்து அடைக்கும் நெல்லிரசம் ஆறு போத்தல் வைத்தார். அடுத்த கிழமை லொறியோடு வந்த பொடியன் குனிந்து பார்த்துவிட்டு, “ஐயா, வேற சாமான் வைச்சால் பிரிட்ஜைத் தூக்கச் சொல்லுவினம்” என்றான். அவனில் பிழையில்லை, மேலே சொன்னதைச் சொன்னான். போத்தல்கள் அரிசி மூட்டைக்கு மேலே போயின. வன்னி வெயிலில் சுடுகிற நெல்லிரசத்தை ஆர் குடிப்பது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேர்ந்தால் கம்பனியின் செலவு குறையும், சரி. ஆனால் மிச்சம் பிடித்ததை விலையில் காட்ட வேண்டுமென்றால், பக்கத்தில் இன்னொருவன் போட்டிக்கு நிற்க வேண்டும். 1986 இல் பெப்சி செவன் அப்பை வாங்கப் போனது. உடனே கோகோ கோலா, டாக்டர் பெப்பர் என்ற இன்னொரு சோடாக் கம்பனியை வாங்கக் கிளம்பியது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இரண்டையும் எதிர்த்தது. பெப்சி பேசாமல் விலகியது. கோகோ கோலா பிடிவாதமாக நின்று, நீதிமன்றத்தில் தடை வாங்கிக் கட்டிக்கொண்டது. 2009 இல் சீனாவும், ஹுய்யுவான் பழச்சாறுக் கம்பனியை அதே கோகோ கோலா வாங்க விடவில்லை.

எல்லாவற்றையும் அடியோடு தடுப்பதும் இல்லை. 2016 இல் ஏபி இன்பெவ் என்ற பியர்க் கம்பனி, நூறு பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து சாப்மில்லர் என்ற இன்னொரு பியர்க் கம்பனியை வாங்கியது. அமெரிக்காவில் மில்லர்கூர்ஸ் கம்பனியில் சாப்மில்லருக்கு இருந்த 58 சதவீதப் பங்கை விற்க ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கே அனுமதி கிடைத்தது. எனக்குப் பிடித்தது அதிலிருந்த இன்னொரு நிபந்தனை: போட்டிக் கம்பனிகளின் பியரை விற்கும் விநியோகஸ்தர்களை ஏபி இன்பெவ் நெருக்கக் கூடாது. கடைக்கு வருகிற லொறி ஆருடைய சொல் கேட்கிறது என்பதை அந்த அதிகாரிகள் யோசித்திருக்கிறார்கள்.

பிரிட்ஜுக்கும் தீர்ப்பு உண்டு! 2005 இல் ஐரோப்பிய ஆணையம் கோகோ கோலாவிடம் ஒரு உறுதிமொழி வாங்கியது. கடையில் வேறு குளிர்பெட்டி இல்லையென்றால், கம்பனி இலவசமாகத் தந்த பெட்டியில் குறைந்தது 20 சதவீத இடத்தில் கடைக்காரர் விரும்பியதை வைக்கலாம் என்பதுதான் அது; 2010 முடிவு வரை செல்லுபடியாக இருந்தது. அது இணைப்பு வழக்கில்லை, ஆனாலும் பெரியவன் மற்றவனை வெளியே தள்ளிவிடுவான் என்ற பயம் அதே பயம்தான்.

இலங்கையில் 1987 ஆம் ஆண்டு நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில், கம்பனிகள் இணைவதை விசாரிக்க அதிகாரம் இருந்தது. 2003 இல் அதற்குப் பதிலாக வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள்.

அப்பா இப்போது ஒரு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு நெல்லிரசம் வைத்திருக்கிறார். ஐஸ் காசு அவருடைய கையிலிருந்து.