நாத்திகம் ஒரு சித்தாந்தமா? கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நாத்திகன். பதில்களைப் படிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நாத்திகத்துக்கும் தலைவர்கள், கூட்டங்கள், புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. அப்புறம் அது சித்தாந்தம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: உலகம் எப்படி இயங்குகிறது, சமூகம் எப்படி அமைய வேண்டும், அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று பல கேள்விகளுக்கு ஒன்றோடொன்று பின்னிய பதில்களைத் தருவது சித்தாந்தம். நாத்திகம் பதில் சொல்வது, கடவுள் இருக்கிறாரா என்ற ஒரே கேள்விக்கு. கம்யூனிசச் சிந்தனையாளர் கார்ல் மார்க்ஸ் நாத்திகர், முதலாளித்துவத்தை ஆதரித்த அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டும் நாத்திகர். தனிச்சொத்துடைமையை ஒழிக்க வேண்டும் என்றார் முன்னவர். அது மனிதனின் அடிப்படை உரிமை என்றார் பின்னவர். கடவுள் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இருவரில் யார் பக்கமும் போய்ச் சேர முடியாது.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாத்திகத்தை ஓர் உறுப்பாகக் கொண்ட சித்தாந்தங்கள் உண்டு. அல்பேனியா 1967-இல் தன்னை நாத்திக நாடாக அறிவித்து வழிபாட்டிடங்களை மூடியது. 'அதற்கும் நாத்திகத்துக்கும் சம்பந்தமே இல்லை' என்று என் தரப்பு நண்பர்கள் சிலர் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். சம்பந்தம் இருந்தது. அங்கே மூடச் சொன்னது ஆட்சியிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் சித்தாந்தம். நாத்திகம் அதன் ஒரு பகுதியாக இருந்தது.

கேள்வி: 'கடவுள் இல்லை' என்பதும் நிரூபிக்க முடியாத நம்பிக்கைதானே சார்?

பதில்: 'நிச்சயமாக இல்லை' என்று அடித்துச் சொல்பவர் அதற்குக் காரணம் காட்டத்தான் வேண்டும். 'நம்புவதற்குப் போதிய ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை' என்பவருக்கு அந்தச் சுமை கிடையாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, தொலைநோக்கிக்கும் சிக்காத ஒரு தேநீர்க்கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது கேட்பவரின் வேலை அல்ல. இந்த உவமையை 1952-இல் எழுதியவர் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல்.

கேள்வி: கடவுள் இல்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டதா?

பதில்: இல்லை. எந்தக் கடவுளைப் பற்றிய எந்தக் கூற்று என்று முதலில் கேட்க வேண்டும். பூமி படைக்கப்பட்டு ஆறாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்றால், அது சோதிக்கக்கூடிய கூற்று. சோதித்தாயிற்று, பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்துக்கு அப்பால் இருந்துகொண்டு எதிலும் தலையிடாத ஒரு கடவுளை எந்தச் சோதனையில் தேடுவது?

அறிவியல் தன் வேலையில் இயற்கைக் காரணங்களை மட்டுமே தேடும். அது ஒரு வழிமுறை. இயற்கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது தத்துவ முடிவு. நான் அந்த முடிவை ஏற்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய அது தேவையில்லை. 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர், ஸ்டீவன் வைன்பெர்க் நாத்திகர். மின்காந்த விசையையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டுக்கு இந்த இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: பெரிய விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் நாத்திகர்கள் என்கிறார்களே?

பதில்: முன்னணி விஞ்ஞானிகளைக் கொண்ட அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களிடம் எடுத்த கணக்கு 1998-இல் வெளியானது. பதில் தந்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்பினார்கள். பொதுவாக விஞ்ஞானிகளிடம் கேட்டபோது அது 40 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எண்ணிக்கையை வைத்து உண்மையை முடிவு செய்ய முடியாது என்பதால் நான் இதை வாதமாகப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: மதத்தை ஒதுக்கிய அரசு இருந்தால் அறிவியல் தானாக வளரும் இல்லையா?

பதில்: இப்படி நினைப்பவர்கள் சோவியத் மரபியலுக்கு நேர்ந்ததைக் கட்டாயம் படிக்க வேண்டும். மதத்தை ஒடுக்கிய அரசு அது. மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை, சூழலால் பெற்ற பண்புகள் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று சொன்ன வேளாண் ஆய்வாளர் திரொஃபிம் லைசென்கோவை அந்த அரசு தூக்கிப்பிடித்தது. உலகமெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த, லைசென்கோவை எதிர்த்த மரபியலாளர் நிகோலாய் வவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948-இல் மரபியல் ஆய்வே அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது. அப்படி ஒதுக்கப்பட்ட மரபியலுக்கு அடித்தளம் போட்டவர் கிரிகோர் மெண்டல், ஒரு கிறிஸ்தவத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்தவர். முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு ஆதாரத்தை அதற்கு வளைப்பவர் எந்த அணியில் இருந்தாலும் அறிவியலைக் கெடுப்பார். வவிலோவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை உள்ள மாணவி. அண்டவியல் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. என்னை நானே ஏமாற்றிக்கொள்வதாக ஆகிவிடுமா?

பதில்: ஆகாதம்மா. பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்து வந்தது என்னும் பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலேயே எழுதினார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியதை லெமைத்ர் விரும்பவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவருக்கும் அதில் தடையில்லை என்று பின்னர் தெளிவாகவே சொன்னார். கணக்கு தப்பாக வந்தால் ஒத்துக்கொள்ள உங்களுக்கு மனம் இருந்தால் போதும், தைரியமாக விண்ணப்பியுங்கள்.