கேள்வி-பதில்: எதில் இரண்டு இன்ச்?

பிக்கப் டிரக்கின் முன்பக்கத்தைத் தூக்கி, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் லெவலிங் கிட் பற்றித்தான் இந்த முறை பாதிக்கு மேல் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றை வெட்டிப் போட்டிருக்கிறேன். திட்டு வாங்கியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: புது வண்டி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூக்கு குனிந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்கிறது. தயாரிப்புக் கோளாறு என்று வண்டியை மாற்றித் தரச் சொல்லலாமா?

சொன்னால் சிரிப்பார்கள். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. பின்னால் பாரம் ஏற்றினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் இறங்கும். இறங்கிய பிறகு வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் காலியாக இருக்கும்போது பின்பக்கத்தை இரண்டு மூன்று இன்ச் வரை உயர்த்தி வைக்கிறார்கள். கிட் வாங்குவதற்கு முன், வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

கே: வாரம் தவறாமல் கனமான டிரெய்லர் இழுக்கிறேன். லெவலிங் கிட் போடலாமா?

வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு டிரெய்லரையும் மாட்டினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், முன் சக்கரத்தில் எடை குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

கே: '2 இன்ச்' கிட் என்று ஆர்டர் செய்தேன். பிரித்தால் உள்ளே இருக்கும் வளையம் ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் கூட. ஸ்கேல் வைத்துப் படமும் எடுத்திருக்கிறேன். ஏமாற்றிவிட்டார்கள். திருப்பி அனுப்பப் போகிறேன்.

அனுப்பாதீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் உங்களுக்கு ஏமாந்த மாதிரி தோன்றியதற்கு நீங்கள் காரணம் இல்லை, அந்தப் பெட்டிதான் காரணம். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) அடி முனை சக்கரத்தில் நேராக உட்கார்வதில்லை. கீழ் கன்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) நடுவாக்கில் எங்கோ உட்காரும், சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கும். அதனால் ஸ்ட்ரட் ஒரு இன்ச் கீழே தள்ளப்பட்டால் சக்கரம் ஏறக்குறைய இரண்டு இன்ச் இறங்கும், அதாவது வண்டி இரண்டு இன்ச் ஏறும். இந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஒரு இன்ச் சொச்சம் வளையம் இரண்டு இன்ச் தூக்குவது இப்படித்தான்.

முன்பக்கத்தில் ஒரே நீள அச்சு இருக்கும் வண்டியில் கதை வேறு. அங்கே காயில் ஸ்பிரிங் கிட்டத்தட்ட அச்சின் மேலேயே உட்காருகிறது. இரண்டு இன்ச் வளையம் வைத்தால் ஏறக்குறைய இரண்டு இன்ச்தான் ஏறும். ஆக, ஒரு பெட்டியில் '2 இன்ச்' என்றால் தடிமன், இன்னொரு பெட்டியில் '2 இன்ச்' என்றால் வண்டி ஏறும் உயரம். எது எது என்று எழுதக் கைவலிக்கிறதா இவர்களுக்கு? தடிமன்தான் இரண்டு இன்ச் என்று தெரியாமல் ஸ்ட்ரட்டின் தலையில் வைத்தவருக்கு வண்டி நாலு இன்ச்சுக்குப் பக்கத்தில் ஏறிவிடும். ஆர்மின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தாங்கும் கோணத்தைத் தாண்டும், மேல் கன்ட்ரோல் ஆர்ம் போய் ஸ்பிரிங்கில் இடிக்கும். என் வீட்டுப் பரணிலும் ஒரு ஜோடி கிடக்கிறது. பெட்டியின் மேல் தங்க எழுத்தில் 2½ என்று போட்டிருந்தது. எதில் இரண்டரை என்று வெளியேயும் இல்லை, உள்ளே இருந்த காகிதத்திலும் இல்லை. விற்றவர் பிறகு போனை எடுக்கவே இல்லை.

அதனால் காசு கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: வளையத்தின் தடிமன் எவ்வளவு, என் மாடலில் என் வருட வண்டி எவ்வளவு ஏறும், டூ வீல் டிரைவுக்கா ஃபோர் வீல் டிரைவுக்கா. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

கே: சிவப்பு, கறுப்பு இரண்டும் கிடைக்கிறது. எது நல்லது?

மாட்டிய பிறகு இரண்டுமே உங்கள் கண்ணில் படாது.

கே: எவ்வளவு தூக்க வேண்டும் என்று எப்படி அளப்பது? தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் போதுமா?

போதாது. டயரில் காற்று குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள், நாலு சக்கரத்திலும். தரை மட்டமாக இருக்க வேண்டும், வண்டியில் எப்போதும் இருக்கும் சாமான் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். முன் மட்கார்டின் வளைவும் பின் மட்கார்டின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவையாக இருக்க வேண்டியதில்லை. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். அப்புறம், கிடைத்த வித்தியாசம் முழுவதையும் தூக்காதீர்கள். அரை இன்ச்சாவது மிச்சம் வையுங்கள், பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் அது உதவும்.

கே: கிட் மாட்டிய பட்டறையில் வீல் அலைன்மென்ட்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே முன் டயர் இரண்டும் ஓரத்தில் மட்டும் தேய்ந்துவிட்டன. கேட்டால், 'ரோடு சரியில்லை, நாங்கள் என்ன செய்வது' என்கிறார்கள். புது டயர் வாங்கும் நிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கே ஆத்திரம் வந்தது. மோசமான ரோடு அலைன்மென்ட்டைக் கெடுக்கலாம்தான். ஆனால் கிட் மாட்டிய கையோடு இரண்டு டயரும் ஒரே மாதிரி ஓரத்தில் தேய்கிறது என்றால் முதல் சந்தேகம் ரோட்டின் மேல் போகாது. முன்பக்கம் ஏறியதும் கன்ட்ரோல் ஆர்ம், டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) எல்லாம் புதுக் கோணத்துக்கு வந்துவிடும். கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது) மூன்றும் மாறும். டோ கெட்டால் டயர் நேராக உருளாமல் தரையில் தேய்த்துக்கொண்டே போகும். சரிசெய்யாமல் ஓட்டினால் டயர் சீக்கிரம் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: இப்போதைக்கு எதையும் சரிசெய்யாதீர்கள். வேறொரு இடத்துக்குப் போய், 'முதலில் அளவு மட்டும் எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள்' என்று கேளுங்கள். தேதியோடு அந்தத் தாள் கையில் வரட்டும். அப்புறம் வண்டிக்கு அடியில் போய் டை ராட் நுனியில் இருக்கும் லாக் நட்டைப் படம் எடுங்கள். ஸ்பேனர் பட்ட நட்டின் விளிம்பில் பளபளப்பு இருக்கும், மரையில் புதுக் கீறல் தெரியும். நட்டும் மரையும் சேர்த்துப் பழைய சேறு அப்படியே இறுகிப்போய் இருந்தால், டோவை யாரும் தொடவே இல்லை என்று அர்த்தம். இந்தப் படம், அளவுத் தாள், பில் மூன்றையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். டயருக்கும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் மன்றம். வாயால் சண்டை போட்டு வராதீர்கள், அது பதிவாகாது.

மற்றவர்களுக்கு: அலைன்மென்ட் செய்தால் 'சரிசெய்வதற்கு முன்', 'சரிசெய்த பின்' அளவுகள் இரண்டும் உள்ள தாளை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். 'இந்தக் கிட்டுக்கு அலைன்மென்ட்டே தேவையில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கே: மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டேன். வந்த பிறகுதான் டூ வீல் டிரைவுக்கு என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். என் வண்டி ஃபோர் வீல் டிரைவ். துளையை மட்டும் கொஞ்சம் ராவிப் பெரிதாக்கினால் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது...

துளை உட்காரும். முன் சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டு என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? வண்டி ஏற ஏற அது சாய்ந்துகொண்டே போகும், சிவி ஜாயின்ட்டை (சாய்ந்த நிலையிலும் அச்சுத்தண்டைச் சுழல விடும் மூட்டு) மூடும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். வாங்கும் முன் ஒரு வரி படிக்காதவருக்கு இதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ராவாதீர்கள். ராவிவிட்டால் திருப்பியும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கே: கிட் போட்ட பிறகு வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். விற்றவர் 'செட் ஆகும்' என்கிறார்.

ஆகாது. உங்களுடையது ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கும் வகையாக இருக்க வேண்டும், ஸ்ட்ரட்டுக்குள்ளேயே போடுவது. அதில் ஸ்ட்ரட்டின் நீளம் அதிகரிக்காது. வண்டி மட்டும் மேலே ஏறி நிற்பதால், சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருக்கும் தூரம் குறைந்துபோகும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்ட்ரட் தன் முழு நீளத்துக்கு வந்து முட்டுகிறது, அதுதான் அந்த 'டக்'. ஏதாவது நட்டு லூசாகவும் இருக்கலாம், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டு சரியாக இருந்தால் உயரத்தைக் குறைப்பதுதான் வழி. இல்லையென்றால் அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்ட்ரட். செலவு கூடும்.

கே: முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் (முறுகித் தாங்கும் இரும்புக் கம்பி) உள்ள பழைய வண்டி. போல்ட்டை முறுக்கினாலே ஏறுமாமே? பிறகு எதற்குத் தனியாகக் கீ விற்கிறார்கள்?

சரியான கேள்வி. போல்ட் போகும் தூரம் முடிந்துவிட்டால், பாரைப் பிடிக்கும் கோணத்தை மாற்றி மேலும் முறுக்க இடம் தருவதுதான் கீயின் வேலை. ஒரே உயரத்துக்கு எந்த வழியில் போனாலும் வண்டியின் ஓட்டம் ஒன்றுதான். கொஞ்சம் ஏற்றினால் போதுமென்றால் போல்ட்டே போதும், அலைன்மென்ட் மட்டும் மறக்காதீர்கள். கீ மாற்றுவதானால் அதற்கான கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள், அந்தப் பாரில் முறுக்கேறி நிற்கும் விசை சாதாரணமானதல்ல.

கே: வீட்டிலேயே ஸ்பிரிங்கை அமுக்கிக் கிட் போடலாமா? வீடியோவில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

ஸ்ட்ரட்டின் தலையில் மட்டும் வைக்கும் வகை என்றால் கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம், அதில் ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலை என்றால் பட்டறைக்குப் போங்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும்.

கே: பழைய வண்டி வாங்கினேன். 'கம்பெனி உயரம்தான், எதையும் தொடவில்லை' என்று சத்தியம் செய்தார். இப்போது மெக்கானிக், முன்னால் வளையம் போட்டிருக்கிறது, பூட் இரண்டும் கிழிந்திருக்கிறது என்கிறார்.

இது பச்சை ஏமாற்று. விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ 'தொடவில்லை' என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள், இருந்தால் அழிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு ஒரு அறிக்கை வாங்கிக்கொண்டு பழுதுச் செலவைக் கேளுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் போய்விட்டது. மேல் ஆர்மில் ஒரே இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு மின்னினால் அது ஸ்பிரிங்கில் இடித்திருக்கிறது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கே: கம்பெனி வாரன்டி போய்விடுமா? டீலர் 'ஒன்றும் ஆகாது' என்றார்.

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கே: கிட் போட்டதிலிருந்து எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள். ஏன்?

வண்டியின் அழகைப் பாராட்டவில்லை. உங்கள் ஹெட்லைட் அவர்கள் கண்ணில் அடிக்கிறது. மூக்கு ஏறினால் வெளிச்சமும் ஏறும். விளக்கின் பின்னால் உயரம் திருத்தும் திருகு இருக்கும், சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி இறக்குங்கள். முன்னால் ரேடார், கேமரா உள்ள வண்டி என்றால் அவற்றையும் மறுபடி அளவு செய்ய வேண்டுமா என்று சர்வீஸில் கேளுங்கள். லைட்டை இன்றைக்கே திருத்துங்கள்.