கிட்னி மாற்றியவருக்குக் காய்ச்சல்: இத்தனை பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. நான்கு மாதங்களுக்கு முன் அம்மாவின் கிட்னியை அவனுக்கு வைத்தார்கள். சிஎம்வி வைரஸ் வராமலிருக்க மூன்று மாதம் கொடுத்த மாத்திரை போன மாதம்தான் முடிந்தது. ஒரு வாரமாகச் சாயங்காலம் 99.8 டிகிரி காய்ச்சல், தினமும் நாலைந்து முறை வயிற்றுப்போக்கு. கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.7 ஆகிவிட்டது. பக்கத்து லேபில் எடுத்த சிஎம்வி பரிசோதனையில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். ஆனால் மருத்துவமனையில் சிஎம்வி பிசிஆர், பிகே பிசிஆர், ரத்தக் கல்ச்சர், டாக்ரோலிமஸ் அளவு என்று நீளமாகச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். எடுத்ததையே திரும்ப எடுக்கச் சொல்கிறார்களா? எல்லாக் கிருமியையும் ஒரே தடவையில் காட்டும் மரபணுப் பரிசோதனை இருக்கிறதாமே, அதையே எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று. 99.8 டிகிரியை மற்றவர்கள் ஒரு கஷாயத்தோடு கடந்துவிடலாம். உங்கள் தம்பி கடக்கக் கூடாது. ஸ்டீராய்டும், டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் என்று எதிர்ப்பாற்றலை அடக்கும் மற்ற மாத்திரைகளும் சாப்பிடுபவரின் உடம்பு காய்ச்சலைக்கூட முழுதாகக் காட்டாது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருப்பதால், இதைப் படித்ததும் மருத்துவமனைக்குப் பேசிவிட்டு இன்றே கூட்டிப்போங்கள்.

அந்த ஐஜிஜி ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள்; ஐஜிஎம் புதுத் தொற்றில் வருவது, ஐஜிஜி பிறகும் நீடிப்பது. சிஎம்வி நம்மில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்து, சத்தமில்லாமல் உள்ளே தங்கிவிடும் வைரஸ். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் ‘என்றோ ஒருநாள் உடம்புக்குள் வந்திருக்கிறது’ என்பது மட்டும்தான். ஆபரேஷனுக்கு முன் கொடுப்பவர், பெறுபவர் இருவருக்கும் இதைப் பார்ப்பது அவசியம். கொடுப்பவருக்குப் பாசிட்டிவ், பெறுபவருக்கு நெகட்டிவ் என்றால்தான் ஆபத்து அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஐஜிஎம் நெகட்டிவ் என்று நிம்மதி அடையவும் முடியாது. எதிர்ப்பாற்றலையே மாத்திரை அடக்கி வைத்திருக்கும்போது, எதிர்ப்பொருள் எப்படிச் சரியாக உருவாகும்? பக்கத்து லேபுக்குக் கொடுத்த பணம் வீண்தான், மன்னிக்கவும்.

பிசிஆர் எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை. ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறது. தடுப்பு மாத்திரை நின்ற சில வாரங்களில் சிஎம்வி தலைதூக்குவது வழக்கமான கதை என்பதால் டாக்டர் அதை முதலில் எழுதியதில் ஆச்சரியமில்லை. இந்த எண்ணைப் படிக்க ஒரு பக்குவம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இதற்கு ஒரு சர்வதேச அளவுகோலைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடவே வழியில்லை. இப்போதும் வேறுபாடு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் அதே லேப், அதே வகை மாதிரி (ரத்த அணுக்களை நீக்கிய திரவமான பிளாஸ்மா என்றால் எப்போதும் பிளாஸ்மா). 800 என்பது 1,500 ஆனால் அது பரிசோதனையின் தடுமாற்றமாகவே இருக்கலாம். மூன்று மடங்குக்கு மேல் ஏறினால்தான் உண்மையான ஏற்றம் என்று எடுத்துக்கொள்வோம். சரியான அளவில் மருந்து கொடுத்து இரண்டு வாரமாகியும் எண் இறங்கவில்லை என்றால், வைரஸின் மரபணுவில் மாற்றம் வந்து மருந்து பலிக்காமல் போயிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. சிஎம்வி குடலில் மட்டும் உட்கார்ந்திருந்தால் ரத்தப் பிசிஆர் நெகட்டிவ் என்றே வரலாம். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் கொலோனோஸ்கோபி செய்து (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து) சதைத்துணுக்கு எடுக்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். அதற்கு முன் மலப் பரிசோதனையும் உண்டு. மைக்கோபினோலேட் மாத்திரையே வயிற்றைக் கலக்கும் என்பதையும் டாக்டர் மனதில் வைத்திருப்பார்.

அப்புறம் பிகே. 1971-இல் லண்டனில் கிட்னி மாற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் சிறுநீரில்தான் இந்த வைரஸை முதலில் பார்த்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே வைரஸுக்குப் பெயராகிவிட்டன. இதுவும் சின்ன வயதிலிருந்தே கிட்னியில் தூங்கிக்கொண்டிருப்பது. காய்ச்சல்கூட வராமல் புதுக் கிட்னியைக் கெடுக்கும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10,000 பிரதிகளைத் தாண்டினால் கிட்னியையே தாக்கத் தொடங்கியிருக்கலாம் என்று சந்தேகிப்போம். நிச்சயமான மருந்து இதற்கு இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைக் குறைப்பதுதான் வைத்தியம்.

சிக்கலே இங்கேதான். கிரியாட்டினின் ஏறியதற்கு, உடல் புதுக் கிட்னியை நிராகரிப்பதும் காரணமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் நேர் எதிர், அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். ஊகத்தில் கூட்டினால் வைரஸ் பெருகும், ஊகத்தில் குறைத்தால் கிட்னி போகும். இதெல்லாம் இல்லாமல், வயிற்றுப்போக்கில் நீர் வற்றியும் கிரியாட்டினின் ஏறலாம். வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் ரத்தத்தில் அதிகமாகச் சேரும், அதுவும் கிட்னியைக் கெடுக்கும். சீட்டு நீளமானதற்குக் காரணம் இதுதான். சில சமயம் கிட்னியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வரை போனால்தான் முடிவு தெரியும்.

நீங்கள் கேட்ட அந்த ஒரே பரிசோதனை மெட்டஜீனோமிக்ஸ். மாதிரியில் இருக்கும் எல்லா மரபணுத் துணுக்கையும் படித்துவிடும். ஆனால் நோய் உண்டாக்காத கிருமி, தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி எல்லாமே பட்டியலில் வந்து நிற்கும். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போலத் தெளிவாகச் சொல்லாது. விலையும் அதிகம். நுரையீரலிலோ மூளையிலோ தொற்று இருந்து வழக்கமான பரிசோதனைகள் கைவிரித்த பிறகு நான் அதைக் கேட்பேன். இப்போது, உங்கள் தம்பிக்கு, வேண்டாம்.

இருமல் இருந்தால் சொல்லாமல் விடாதீர்கள். நம் நாட்டில் கிட்னி மாற்றியவர்களுக்குக் காசநோயை மறக்கவே முடியாது. காசநோய்க்காகத் தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி நெகட்டிவ் என்பது இவர்களிடம் செல்லாது. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையைச் சளியில் பார்க்க வேண்டும், இயந்திரத்தில் வைத்தால் இரண்டு மணி நேரம்தான். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவைக் கிடுகிடுவென இறக்கிவிடும் என்பதால் உறுதியாகத் தெரியாமல் தொடங்க மாட்டார்கள்.

போகும்போது சில விஷயங்கள். கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, அப்படி நான்கு பாட்டில் எடுத்தால் ‘இவ்வளவு ரத்தமா’ என்று பயப்பட வேண்டாம், குறைவாக எடுத்தால் கிருமி தப்பிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எதையும் வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும், வலி மாத்திரைகள் கிட்னிக்கு ஆகாது. டாக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்புதான் பார்க்க வேண்டும். அந்த வேளை மாத்திரையைப் பையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த கையோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.