பிரீஸ் பிளக் ஒழுகினால் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கூலண்ட் கசிகிறது, மெக்கானிக் அது பிரீஸ் பிளக் என்கிறார், நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கசியும் பிளக்கிற்கு எதிரே சுத்தியலை நேராக வீச இடம் இருந்தால் தாராளமாக மாற்றலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரோ மேனிஃபோல்டோ மறைத்தால் அவற்றைக் கழற்றிக்கொள்ளலாம். பிளாக்கின் பின்முகத்தில், பிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கிற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும் என்பதால் அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் அச்சைத் தாங்கவும், பிறகு அந்த மணலை வெளியேற்றவும் விடப்பட்ட துளைகளையே பிரீஸ் பிளக் எனப்படும் இந்தத் தகட்டு மூடிகள் அடைக்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து விரிந்து மூடியைத் தள்ளுவது குளிர்நாட்டுச் சங்கதி. நம் ஊரில் இவற்றைத் தின்பது, கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தால் வரும் துருதான். என் பழைய டீசல் ஜீப்பில் கழற்றிய மூடியின் வெளிப்பக்கத்தில் பெயின்ட் கூட உதிரவில்லை. உட்பக்கமோ காகிதமாக மெலிந்து, ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலண்டை வடிக்க வேண்டும். பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய்க்குக் கொடிய நஞ்சு. வடித்ததைத் திறந்த தட்டில் விட்டுவிடாதீர்கள். பிறகு மழுங்கிய பஞ்ச்சை (சுத்தியலால் தட்டும் இரும்புக் கம்பி) பிளக் மூடியின் உட்குழிவில், கீழ் விளிம்பை ஒட்டி வைத்துத் தட்டினால், கீழ்ப்பக்கம் உள்ளே போய் மேல்விளிம்பு வெளியே திரும்பும். அதைப் பிளையரால் பிடித்து நெம்பி எடுக்கலாம். சில என்ஜின்களில் சிலிண்டர் சுவர் மிக அருகிலேயே இருப்பதால் ஓங்கி அடிக்கக் கூடாது. மூடி முழுதாக உள்ளே விழுந்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

நேரம் செலவிட வேண்டியது துளையைச் சுத்தம் செய்வதில்தான். புது மூடி இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. ஆகவே பழைய ஒட்டுப் பசையும் துருவும் போய், விரல் நகத்தால் வருடினால் எதுவும் தட்டாத அளவுக்கு நைஸான உப்புத்தாளால் தேய்த்து, உலரத் துடைக்க வேண்டும். துளையின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, முடிந்தால் பித்தளை மூடியாகவே வாங்குங்கள், அது துருப்பிடிக்காது. விளிம்பில் மெல்லிய பூச்சாகச் சீலண்ட் தடவி, கிண்ண வடிவ மூடியின் திறந்த பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, உள்ளே சற்றுத் தளர்வாகப் பொருந்தும் ஸ்பானர் சாக்கெட்டால் கோணாமல் அடித்து, விளிம்பு பிளாக்கின் மட்டத்திற்குச் சற்று உள்ளே போனதும் நிறுத்துங்கள். கிண்ணமாக இல்லாமல் லேசாகப் புடைத்த வட்டத் தகடாக இருந்தால் முறை வேறு: புடைப்பு வெளியே இருக்க வைத்து, நடுவில் அடித்துத் தட்டையாக்கினால் அது விரிந்து பிடித்துக்கொள்ளும்.

சீலண்ட் காய்ந்தபின் கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, மூடியைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று துருவால் போயிருந்தால் மற்றவையும் அதே தண்ணீரில் கிடந்தவைதான். கைக்கு எட்டுபவற்றை அதே கையோடு மாற்றிவிட்டால் கூலண்டை இரண்டாம் முறை வடிக்க வேண்டியிராது.